சூரியப் புரோட்டான் மேல்காத்துல எவ்ளோ அயனி உண்டாக்குதுன்னு நாமளே கணக்கு போடறது எப்படி

2003 அக்டோபர் 28ஆம் தேதி சூரியன்ல எக்ஸ்17 அளவுக்கு, அதாவது ரொம்பப் பெரிய வகையில, ஒரு ஃப்ளேர் வெடிச்சுது, மறுநாள் காலைல அமெரிக்காவோட கோஸ் வானிலை சாட்டிலைட்ல 10 எம்இவிக்கு மேல இருக்கற புரோட்டான் ஃப்ளக்ஸ் 29,500 வரைக்கும் ஏறிடுச்சு, சாதாரண நாள்ல அது 1ஐக்கூடத் தொடாது. எம்இவின்னா மெகா எலக்ட்ரான் வோல்ட், கேஇவின்னா கிலோ, ஜிஇவின்னா கிகா, இனிமே இப்படியேதான் எழுதப்போறேன். ஃப்ளக்ஸ்னா ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஒரு செகண்டுல ஒரு ஸ்டெரேடியன் கோணத்துக்குள்ள இத்தனை துகள்னு அர்த்தம்.

அந்தப் புரோட்டான் எல்லாம் துருவப் பக்கத்துல காத்துக்குள்ள எறங்கி, போற வழியில நைட்ரஜன் ஆக்சிஜன் மூலக்கூறுல இருந்து எலக்ட்ரானைத் தட்டிவிட்டுக்கிட்டே போய் ஒரு உயரத்துல நின்னுடுது. எந்த உயரத்துல, ஒரு கன சென்டிமீட்டர்ல, ஒரு செகண்டுக்கு எத்தனை அயனி ஜோடி, அதாவது தட்டிவிட்ட எலக்ட்ரானும் மிஞ்சின அயனியும் சேந்த ஜோடி? இந்த ஒரே ஒரு நம்பரைத்தான் நாம கண்டுபிடிக்கப் போறோம். இது கையில இருந்தாதான் ஓசோன் எவ்ளோ போச்சு, துருவ ரூட்ல பறக்கற விமானத்தோட ஷார்ட்வேவ் ரேடியோ ஏன் வேலை செய்யல, எல்லாத்தையும் பேச ஆரம்பிக்கவே முடியும்.

ஃபிசிக்ஸ் மாஸ்டர்ஸ் பண்றவங்க, பைத்தான் ஓரளவுக்குத் தெரிஞ்சவங்க ஒரு வாரத்துல முடிச்சிடலாம். ஃபார்முலா ரொம்பப் பெருசு இல்ல. ஆனா நான் பாத்த வரைக்கும் பத்துக்கு எட்டு பேர் தப்பு பண்றது ஃபார்முலாவுல இல்ல, கணக்கு டேலி ஆகுதான்னு பாக்காம விட்டுடறதுலதான். மேல இருந்து எத்தனை எலக்ட்ரான் வோல்ட் உள்ள வந்துச்சோ அத்தனையும் கீழ எங்கயாவது செலவாகியிருக்கணும், கடைக்காரர் ராத்திரி கல்லாப்பெட்டியை எண்ணிப் பாக்கற மாதிரி ஒவ்வொரு ஸ்டெப்லயும் எண்ணிப் பாக்கணும். இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

முதல்ல மாத்து விலை. காத்துல ஒரு அயனி ஜோடி உருவாக சராசரியா 35 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். நைட்ரஜன் மூலக்கூறுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 15.6 போதும், ஆக்சிஜனுக்கு 12.1 போதும், அப்புறம் ஏன் 35ன்னு கேக்கலாம். மிச்சம் மூலக்கூறைக் கிளர்ச்சியாக்கறதுக்கும் ரெண்டா உடைக்கறதுக்கும் சூடாக்கறதுக்கும் போயிடுது. இந்த 35 புரோட்டானா இருந்தாலும் எலக்ட்ரானா இருந்தாலும், வேகம் கூடினாலும் குறைஞ்சாலும், பெருசா மாறாது, அதனால எல்லாரும் இதையே வச்சு ஓட்டறாங்க. ஒரு 10 எம்இவி புரோட்டான் முழுசா நின்னா 1 கோடியை 35ஆல வகுங்க, கிட்டத்தட்ட 2 லட்சத்து 86 ஆயிரம் ஜோடி. மொத்தம் தெரிஞ்சுபோச்சு, இனிமே அதை உயரவாரியா பிரிச்சுக் கொடுக்கறதுதான் வேலை.

இங்கதான் முக்கியமான விஷயம், கிலோமீட்டரை மறந்துடுங்க. புரோட்டானுக்கு உயரம் தெரியாது, வழியில எவ்ளோ காத்தை மோதிக்கிட்டு வந்தோம்கறது மட்டும்தான் அதுக்குக் கணக்கு. அதனால ஒவ்வொரு உயரத்துக்கும் மேல எவ்ளோ காத்து நிக்குதுன்னு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு கிராம்ல எடுத்துக்கணும், அதை நான் ஆழம்னு சொல்றேன். கடல் மட்டத்துல அது 1,033 கிராம், 70 கிலோமீட்டர்ல வெறும் 0.054 கிராம். அந்த உயரத்து அழுத்தத்தைப் புவியீர்ப்பால வகுத்தா ஆழம் வந்துடும். காத்தோட அடர்த்தி, வெப்பநிலைக்கெல்லாம் எம்சிஸ்ங்கற வளிமண்டல மாடல் எடுத்துக்கோங்க, பைத்தான்ல பைஎம்சிஸ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, தேதி, நேரம், அட்சரேகை, உயரம் கொடுத்தா அடர்த்தி கொடுக்கும். புத்தகத்துல இருக்கற ஒரே ஒரு சராசரி காத்து டேபிளை வச்சு வருஷம் முழுக்க ஓட்டாதீங்க, துருவத்துல குளிர்காலத்துல 70 கிலோமீட்டர்ல காத்து கோடையைவிட லேசா இருக்கும், அதே புரோட்டான் இன்னும் கீழ வரைக்கும் எறங்கும்.

அடுத்து ரேஞ்ச், அதாவது ஒரு புரோட்டான் நிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ ஆழம் போகும்கறது. சரியான டேபிள் அமெரிக்க நிஸ்ட் நிறுவனத்தோட பிஸ்டார்ல இருக்கு, உலர்ந்த காத்துக்கே போட்டு வச்சிருக்காங்க, கடைசி ரிசல்ட்டுக்கு அதைத்தான் பயன்படுத்தணும். ஆனா கைக்கணக்குக்கு ஒரு எளிய விதி இருக்கு: எனர்ஜியை எம்இவில எடுத்து 1.77 அடுக்குக்கு உயர்த்தி 0.0024ஆல பெருக்குங்க, ரேஞ்ச் கிராம்ல வந்துடும். 10 எம்இவிக்கு 0.141 கிராம் வரும், 100 எம்இவிக்கு எட்டு கிராம் சொச்சம், பிஸ்டாரோட நல்லாவே ஒத்துப்போகுது. இதை உயரமா மாத்தினா 1 எம்இவி புரோட்டான் ஏறக்குறைய 88 கிலோமீட்டர்ல, 10 எம்இவி 64 கிட்ட, 100 எம்இவி 33 கிட்ட நிக்கும். இந்த மூணு நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி ஸ்க்ரீன் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க, உங்க ப்ரோகிராம் கோடு வேற எதையாவது சொன்னா அந்தக் கோடுதான் தப்பு.

இப்ப ஒரே ஒரு 10 எம்இவி புரோட்டானைக் கூடவே நடந்து பாப்போம், நேரா செங்குத்தா எறங்குதுன்னு வச்சுக்கோங்க. மொத்த ரேஞ்ச் 0.141. 70 கிலோமீட்டர் வரும்போது 0.054 செலவு பண்ணிடுச்சு, மிச்சம் 0.087. இந்த மிச்ச ரேஞ்சுக்கு எந்த எனர்ஜின்னு விதியைத் திருப்பிப் போடுங்க, அதாவது 0.0024ஆல வகுத்து 0.565 அடுக்கு, 7.6 எம்இவி வருது. ஆக வானத்து உச்சியில இருந்து 70 கிலோமீட்டர் வரைக்கும் அது தொலைச்சது வெறும் 2.4, மிச்ச 7.6 எம்இவியையும் அடுத்த ஆறரை கிலோமீட்டர்லயே கொட்டித் தீத்துடுது. அந்த இடத்துல ஒரு கிராம் காத்துக்கு 50 எம்இவி அளவுல செலவாகுது, ஆனா 70 கிலோமீட்டர்ல ஒரு கன மீட்டர் காத்தே 0.083 கிராம்தான், பெருக்கிப் பாத்தா ஒரு சென்டிமீட்டருக்கு 4.1 எலக்ட்ரான் வோல்ட், 35ஆல வகுத்தா 0.117 ஜோடி. அதாவது எட்டரை சென்டிமீட்டருக்கு ஒரு அயனி ஜோடி. நாலு விரலை ஒட்டி வச்சுப் பாருங்க, அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்ளோதான். ஒரு புரோட்டான் அத்தனை வேகத்துல பாஞ்சு போகும்போது நாலு விரல் தூரத்துக்கு ஒரு எலக்ட்ரானைத்தான் தட்டிவிடுது, இதை முதல் தடவை கணக்கு போட்டுப் பாத்தப்ப எனக்கு அந்த உயரத்துக் காத்து எவ்ளோ மெல்லிசுன்னு நிஜமாவே புரிஞ்சுது. செகண்டுக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் புரோட்டான் இப்படி செங்குத்தா வந்தா ஒரு கன சென்டிமீட்டர்ல செகண்டுக்கு 117 ஜோடி.

இதைக் கோடா எழுதும்போது பெரும்பாலானவங்க ஒவ்வொரு உயரத்துலயும் ஸ்டாப்பிங் பவரை, அதாவது ஒரு கிராம் காத்துக்கு எவ்ளோ எனர்ஜி தொலையுதுங்கறதைக் கண்டுபிடிச்சு அடர்த்தியால பெருக்கறாங்க, நான் மேல கையில பண்ணின மாதிரியே. புரிஞ்சுக்கறதுக்கு அது நல்லது, கோடுக்கு வேண்டாம். ஏன்னா புரோட்டான் நிக்கப்போற கடைசி இடத்துல ஸ்டாப்பிங் பவர் கூர்மையா மேல ஏறும், உங்க உயர கிரிட் 1 கிலோமீட்டர் இடைவெளியில இருந்தா அந்த உச்சி ரெண்டு புள்ளிக்கு நடுவுல விழுந்து காணாமப் போயிடும், இல்ல சரியா ஒரு புள்ளி மேல உக்காந்து ஊதிப் பெருத்துடும். அதுக்குப் பதிலா காத்தை அடுக்கு அடுக்கா வெட்டுங்க, ஒவ்வொரு அடுக்குக்கும் மேல் விளிம்புல புரோட்டான் கையில எவ்ளோ இருந்துச்சு, கீழ் விளிம்புல எவ்ளோ மிச்சம், இந்த வித்தியாசத்தை 35 எலக்ட்ரான் வோல்ட்டாலயும் அடுக்கோட தடிமனாலயும் வகுங்க. நடுவுலயே நின்னுட்டா கீழ் விளிம்புல பூஜ்யம்னு போட்டுடுங்க. இப்படிப் பண்ணா எனர்ஜி தொலையவே வாய்ப்பில்ல, எல்லா அடுக்கையும் கூட்டினா கண்டிப்பா 10 எம்இவி வந்தே தீரும். அடுக்கு தடிமனா இருந்தா படம் கொஞ்சம் கரடுமுரடா வரும், ஆனா மொத்தம் தப்பாது.

ஆனா நிஜத்துல புரோட்டான் செங்குத்தா மட்டும் வராது, எல்லாத் திசையில இருந்தும் வரும். சாஞ்சு வர்றது அதே உயரத்தைத் தொடறதுக்குள்ள அதிகக் காத்தைக் கடக்கணும், 60 டிகிரி சாஞ்சு வந்தா ரெண்டு மடங்கு, அதனால அந்த 10 எம்இவி புரோட்டான் 64க்குப் பதிலா 68 கிலோமீட்டர்லயே நின்னுடும். சாய்வுக் கோணத்தோட கொசைனை 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு இருபது முப்பது துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஆழத்தைக் கொசைனால வகுத்து ஓட்டிக் கூட்டணும்.

இங்க ஒரு பொறி இருக்கு, நானும் அதுல விழுந்திருக்கேன், ரெண்டு நாள் போச்சு. ஒரு இடத்துல உருவாகற அயனியைக் கணக்கு போடும்போது மேல இருந்து வர்ற எல்லாத் திசையையும் கூட்டினா முன்னாடி 2 பை வந்து நிக்கும், அதாவது 6.28. ஆனா மேல இருந்து உள்ள வந்த மொத்த எனர்ஜியைக் கணக்கு போடும்போது சாஞ்சு வர்றது படுத்திருக்கற ஒரு சதுர சென்டிமீட்டர் மேல குறைவாத்தான் விழும், அங்க இன்னொரு கொசைன் சேருது, அதனால வெறும் பை, 3.14தான் வரும். ரெண்டும் சரி, ரெண்டும் வேற வேற கேள்விக்கான பதில். நான் ரெண்டு பக்கமும் 2 பைன்னு போட்டுட்டு, டேலி பாத்தப்ப சரியா பாதி எனர்ஜி காணோமேன்னு கோடு முழுக்கத் தேடினேன். அடுக்கு முறையில பண்றீங்கன்னா அந்தக் கொசைனை விடாம சேத்துக்கோங்க, ஒரு சாய்வுல வர்ற புரோட்டானோட எனர்ஜி வித்தியாசத்தைக் கொசைனால பெருக்கி அடுக்கோட செங்குத்துத் தடிமனால வகுக்கணும், இதுக்கு முன்னாடி 2 பை. எல்லாம் கூட்டி முடிச்சதும் மொத்தம், ஃப்ளக்ஸ் பெருக்கல் எனர்ஜி பெருக்கல் பைக்கு ஒரு சதவீதத்துக்குள்ள வரணும். வரலைன்னா அடுத்த ஸ்டெப்புக்குப் போகாதீங்க.

இனிமே ஸ்பெக்ட்ரம், எந்த எனர்ஜியில எத்தனை புரோட்டான்கறது. மனசைக் கேட்டா முழு மாடல்லயும் ரிசல்ட்டை அதிகமா ஆட்டி வைக்கறது இதுதான். கோஸ் டேட்டாவுல 10க்கு மேல, 30க்கு மேல, 60க்கு மேல, 100 எம்இவிக்கு மேலன்னு கூட்டுத்தொகையாத்தான் வரும். பக்கத்துப் பக்கத்து ரெண்டு சேனலுக்கு நடுவுல ஒரு பவர் லா வளைகோடு, அதாவது எனர்ஜியோட ஒரு அடுக்குப்படி குறையற கோடு போட்டு, துண்டு துண்டா இணைச்சு, அதை வகையீடு பண்ணி எடுக்கணும். சூரியப் புரோட்டான் புயல் இல்லாத நாள்ல வர்ற அடிமட்ட ரீடிங்கை முதல்ல கழிச்சுடுங்க, அது தூரத்துல இருந்து வர்ற காஸ்மிக் கதிரும் டிடெக்டரோட சொந்த இரைச்சலும், அதைக் கழிக்காம விட்டா உயர் எனர்ஜிப் பக்கம் இல்லாத வால் ஒண்ணு முளைக்கும்.

ஸ்பெக்ட்ரத்தைக் குறைஞ்ச எனர்ஜிப் பக்கம் எங்க நிறுத்தறதுன்னு ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். நம்பர் நானே எடுத்துக்கிட்டது, எந்தப் புயலோட அளவும் இல்ல. 10 எம்இவிக்கு மேல ஃப்ளக்ஸ் 10,000, 100 எம்இவிக்கு மேல 100, அப்படின்னா சரிவு 2. 10 எம்இவிக்கு மேல இருக்கற எனர்ஜியைக் கூட்டினா ஒரு ஸ்டெரேடியனுக்கு 2 லட்சம் எம்இவி, பையால பெருக்கினா 6 லட்சத்து 28 ஆயிரம், ஜோடியா மாத்தினா ஒரு சதுர சென்டிமீட்டர் காத்துத் தூணுக்கு செகண்டுக்கு ஏறக்குறைய 1,800 கோடி. இப்ப அதே கோட்டை யோசிக்காம 1 எம்இவி வரைக்கும் நீட்டிப் பாருங்க, எனர்ஜி 20 லட்சம் ஆயிடுது, பத்து மடங்கு! டேட்டாவுல ஒண்ணும் மாறல, நீங்க கோட்டை எங்க நிறுத்தினீங்கங்கறது மட்டும்தான் மாறிச்சு. நல்ல வேளை, இந்த எக்ஸ்ட்ரா எல்லாம் 64 கிலோமீட்டருக்கு மேலயே கொட்டிடும், ஸ்ட்ராட்டோஸ்பியர் ஓசோனைப் பாக்கறவங்களுக்கு இது பாதிக்காது, ஆனா 80, 90 கிலோமீட்டர்ல நைட்ரிக் ஆக்சைடு பாக்கறவங்களுக்கு உயிர்நாடி. 1 எம்இவி சேனலை அப்படியே நம்பவும் கூடாது, கோஸ் சுத்தற பாதையில பூமியோட காந்தப்புலத்துல மாட்டிக்கிட்டுச் சுத்தற புரோட்டானும் அதுல கலந்து வரும், அது காத்துக்குள்ள எறங்கறதே இல்ல. நான் 5 எம்இவிக்குக் கீழ எடுக்கறதா இருந்தா துருவத்து மேல பறந்த அமெரிக்க போயஸ் சாட்டிலைட் டேட்டாவைத்தான் எடுப்பேன்.

ஹீலியம் அணுக்கருவும் கொஞ்சம் கூடவே வரும், வேணும்னா பிஸ்டார் மாதிரியே அதுக்கு இருக்கற ஆஸ்டார் டேபிளை வச்சுச் சேத்துக்கலாம், முதல் தடவைக்கு விட்டுடுங்க.

உலகத்துல எங்கெல்லாம் இந்த அயனி உண்டாகும்? இதுக்கு காந்தப்புலத்தைக் கேக்கணும். ஒரு துகள் எவ்ளோ உள்ள வரமுடியும்கறது அதோட ரிஜிடிட்டியைப் பொறுத்தது, உந்தத்தை மின்னூட்டத்தால வகுத்தா வர்றது. 10 எம்இவி புரோட்டானுக்கு 0.137 கிகாவோல்ட், 100 எம்இவிக்கு 0.445. பூமியை ஒரு சாதாரணக் காந்தக் கட்டையா எடுத்துக்கிட்டா செங்குத்தா வர்றதுக்கான தடை 14.9 கிகாவோல்ட் பெருக்கல் காந்த அட்சரேகையோட கொசைன் நாலாம் அடுக்கு. இதுல போட்டுப் பாத்தா 10 எம்இவிக்கு 72 டிகிரிக்கு மேல, 100 எம்இவிக்கு 65 டிகிரிக்கு மேலதான் வழி கிடைக்குது. ஆனா நிஜத்துல காந்தப்புலம் சூரியக்காத்துல நசுங்கி வால் மாதிரி இழுபட்டிருக்கும், காந்தப்புயல் நேரத்துல இந்தத் தடை வேலி இன்னும் கீழ் அட்சரேகைக்கு எறங்கும், அதனால நிறைய மாடல்ல காந்த அட்சரேகை 60 டிகிரிக்கு மேல எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி வருதுன்னு எடுத்துக்கறாங்க. தொடக்கத்துக்கு அது போதும்.

ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, மேப்ல இருக்கற அட்சரேகை இல்ல, காந்த அட்சரேகை. கனடாவுல சர்ச்சில் ஊர் மேப்ல 59 டிகிரி, நார்வேல ட்ரோம்சோ கிட்டத்தட்ட 70 டிகிரி, ஆனா காந்தக் கணக்குல ரெண்டும் ஏறக்குறைய ஒரே இடம். ஊட்டில காஸ்மிக் கதிர் ஆய்வு நடக்கற கிரேப்ஸ்-3 இருக்கற இடத்துல இந்தத் தடை 17 கிகாவோல்ட், 10 எம்இவி புரோட்டானோட ரிஜிடிட்டியைவிட நூறு மடங்குக்கு மேல. அதனால நம்ம தலைக்கு மேல சூரியப் புரோட்டான் நேரா வந்து மீசோஸ்பியர்ல, அதாவது ஏறக்குறைய 50ல இருந்து 85 கிலோமீட்டர் உயரத்துல, அயனி போடாது, நம்ம ஊர் அட்சரேகைக்கு இந்த மாடலை ஓட்டினா பூஜ்யம்தான் வரணும். வேற நம்பர் வந்தா உங்க ப்ரோகிராம்ல வேலி திறந்து கிடக்குன்னு அர்த்தம்.

புரோட்டான் மாதிரியே எலக்ட்ரானும் மேல இருந்து காத்துக்குள்ள விழுந்து அயனி உண்டாக்கும், ஆனா அதுக்கு இந்த நேர்க்கோட்டு முறை ஆகாது. புரோட்டான் லாரி மாதிரி, எதுல இடிச்சாலும் நேரா போகும், எலக்ட்ரான் மோதின உடனே திசை மாறிடும், சிலது திரும்பி மேலயே போயிடும். முழுசா பண்ணணும்னா மான்டி கார்லோ, அதாவது ஒவ்வொரு மோதலையும் பகடை உருட்டற மாதிரி தீர்மானிக்கற சிமுலேஷன், ஓட்டணும். ஆனா ஃபேங் குழு 2010ல ஒரு எளிய ஃபிட் கொடுத்திருக்காங்க, 100 எலக்ட்ரான் வோல்ட்ல இருந்து 1 எம்இவி வரைக்கும் செல்லும், நானும் அதைத்தான் பயன்படுத்தறேன். காத்தடர்த்தியை ஸ்கேல் ஹைட்டால (எவ்ளோ உயரம் ஏறினா காத்து ஏறக்குறைய 2.7ல ஒரு பங்கா குறையுதோ அந்த உயரம்) பெருக்கி, 0.000006ஆல வகுத்து, 0.7 அடுக்கு போட்டு, அதை 2 வகுத்தல் கேஇவில இருக்கற எனர்ஜியால பெருக்கினா ஒரு நம்பர் வரும், அந்த நம்பரை எட்டு கெழு இருக்கற ஒரு ஃபார்முலாவுல போட்டா எனர்ஜி எந்த உயரத்துல எவ்ளோ பங்கு கொட்டுதுன்னு கிடைக்கும். அந்த எட்டு கெழுவுக்கும் தலா நாலு எண், மொத்தம் 32 எண்ணை டைப் பண்ணணும், ஒரு மைனஸ் குறி விட்டாலும் படம் கோணலாயிடும், ரெண்டு பேர் உக்காந்து ஒருத்தர் படிக்க ஒருத்தர் சரிபாருங்க.

யூனிட்டுல கவனம். ஃபேங் ஃபார்முலாவுக்கு அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு கிராம்ல வேணும், ஸ்கேல் ஹைட் சென்டிமீட்டர்ல வேணும். பழைய எம்சிஸ் ஃபோர்ட்ரான் கோடு கிராம்லயே கொடுக்கும், பைஎம்சிஸ் கன மீட்டருக்கு கிலோகிராம்ல கொடுக்கும். ஒரு தடவை நான் பைஎம்சிஸ்ல இருந்து பழைய கோடுக்கு மாறினப்ப, கிராமா மாத்த 1,000ஆல வகுக்கற வரியை எடுக்க மறந்துட்டேன், 10 கேஇவி எலக்ட்ரானோட உச்சி 105 கிலோமீட்டர் கிட்ட வரவேண்டியது 62ல வந்து நின்னுச்சு. 62 கிலோமீட்டர் வரைக்கும் எறங்க எலக்ட்ரானுக்கு கிட்டத்தட்ட 1 எம்இவி வேணும், 10 கேஇவிக்கு வாய்ப்பே இல்ல, அப்பதான் உறைச்சுது. ஸ்க்ரீன் பக்கத்துல ஒட்டி வைக்கற பேப்பர்ல இதையும் எழுதிக்கோங்க: 10 கேஇவிக்கு 105, 100 கேஇவிக்கு 80, 1 எம்இவிக்கு 60 கிலோமீட்டர் சுமார். இங்கயும் டேலி உண்டு, எல்லா உயரத்தையும் கூட்டி 0.035 கேஇவியால பெருக்கினா உள்ள விட்ட எனர்ஜியைவிட ஒரு சின்ன அளவு குறைவா வரும், திரும்பி மேல போனதுதான் அந்தக் குறைவு. அதிகமா வந்தா தப்பு.

எலக்ட்ரான்ல நிஜமான தலைவலி டேட்டாதான். போயஸ்ல இருக்கற டிடெக்டர் ஒண்ணு மேல பாக்கும், ஒண்ணு பக்கவாட்டுல பாக்கும். மேல பாக்கறது காத்துக்குள்ள விழப்போற எலக்ட்ரானோட ஒரு பங்கை மட்டும் பாக்குது, அதனால குறைவா சொல்லும், பக்கவாட்டுல பாக்கறது மாட்டிக்கிட்டுச் சுத்தறதையும் சேத்து எண்ணிடுது, அதனால அதிகமா சொல்லும், உண்மை ரெண்டுக்கும் நடுவுல. போதாததுக்கு எலக்ட்ரான் சேனல்ல புரோட்டானும் புகுந்துடும், சூரியப் புரோட்டான் புயல் நேரத்துல எலக்ட்ரான் சேனல் மொத்தமா கெட்டுப்போயிடும், அந்த மணி நேரங்களைத் தூக்கிப் போட்டுடணும். தென் அட்லாண்டிக் பக்கம் காந்தப்புலம் பலவீனமா இருக்கற இடத்துல எடுத்த ரீடிங்கையும் அப்படித்தான். இதெல்லாம் வேண்டாம்னா ஏபி இண்டெக்ஸை, அதாவது பூமியோட காந்தப்புலம் எவ்ளோ கலங்கியிருக்குன்னு சொல்ற எண்ணை வச்சு 30ல இருந்து 1,000 கேஇவி வரைக்கும் எலக்ட்ரானை மதிப்பிடற ரெடிமேட் மாடல் ஒண்ணு 2016ல வந்துச்சு, சிமிப்6ங்கற சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தோட காலநிலை மாடல்களுக்கு அதைத்தான் கொடுத்தாங்க. நூறு வருஷ ஓட்டத்துக்கு அது சரி, ஒரே ஒரு புயலை ஆராயறதுக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

மேல ஜிஇவி பக்கம் போனா கதையே வேற. புரோட்டான் ஏறக்குறைய 90 கிராம் காத்தைக் கடக்கறதுக்குள்ள ஒரு அணுக்கருவுல நேரா மோதி உடைச்சிடும், 400 எம்இவிக்கு மேல இருக்கறதுக்கு ரேஞ்ச் அதைவிட அதிகம், அதனால மெல்ல மெல்ல நிக்கறதுக்கு முன்னாடியே பயானும் மியூவானும் நியூட்ரானுமா சிதறிடும். காஸ்மிக் கதிர் அயனியாக்கம் 15ல இருந்து 20 கிலோமீட்டர் உயரத்துல உச்சம் தொடறது இந்தச் சிதறலாலதான். இதை நீங்க எழுத உக்காராதீங்க. பின்லாந்து ஓலு பல்கலைக்கழகத்து உசோஸ்கினும், கூட வேலை பாத்த கொவால்ட்சோவும் பெரிய சிமுலேஷன் ஓட்டி ஒவ்வொரு எனர்ஜிக்கும் ஒவ்வொரு ஆழத்துக்கும் எத்தனை ஜோடின்னு டேபிளாவே போட்டு வச்சிருக்காங்க, அதை உங்க ஸ்பெக்ட்ரத்தால பெருக்கிக் கூட்டினா போதும். 64 கிலோமீட்டருக்கு மேல ஆர்வம் இருக்கறவங்களுக்கு இது தேவையே படாது.

சரி, எல்லாம் கூட்டி ஒரு படம் வந்துடுச்சு, உயரம் ஒரு பக்கம், அயனி ஜோடி லாக் அளவுல இன்னொரு பக்கம். உண்மையா பொய்யான்னு எப்படிப் பாக்கறது? அயனியாக்க வீதத்தை நேரா அளக்கற கருவி கிடையாது, சுத்தி வளைச்சுத்தான் பாக்கணும். 100 கிலோமீட்டர் பக்கம் எலக்ட்ரான் அடர்த்தி சமநிலைக்கு வந்துடும், வீதத்தை மறுசேர்க்கைக் கெழுவால (எலக்ட்ரானும் அயனியும் எவ்ளோ வேகமா திரும்பச் சேருதுன்னு சொல்ற எண்) வகுத்து வர்க்கமூலம் எடுத்தா அடர்த்தி. வீதம் 1,000, கெழு 0.0000003 வச்சா கன சென்டிமீட்டருக்கு 58 ஆயிரம் எலக்ட்ரான் வருது, இதை ட்ரோம்சோல இருக்கற ஐஸ்கேட் ரேடார் அளவோட ஒப்பிடலாம். 80 கிலோமீட்டருக்குக் கீழ இந்தக் குறுக்கு வழியை எடுக்காதீங்க, அங்க நீர்க்கொத்து அயனியும் எதிர் அயனியும் கலந்து கெழுவே மாறிக்கிட்டு இருக்கும், அங்க 30 மெகாஹெர்ட்ஸ் ரியோமீட்டர் (விண்வெளியில இருந்து வர்ற ரேடியோ இரைச்சலை அளக்கற கருவி) காட்டற உறிஞ்சல்தான் துணை, ஆனா அதுக்கும் ஒரு வேதியியல் மாடல் நடுவுல வேணும். வர்க்கமூலம் இருக்கறதால ஒரு ஆபத்தும் இருக்கு, உங்க வீதம் நாலு மடங்கு தப்பா இருந்தாலும் அடர்த்தியில ரெண்டு மடங்குதான் தெரியும், ரேடாரோட ஓரளவு ஒத்துப்போச்சுன்னு சந்தோஷப்பட்டு விட்டுடாதீங்க.

வேதியியல் பண்றவங்களுக்கு உங்க நம்பரைக் கொடுக்கும்போது அவங்க ரெண்டு விதி வச்சிருப்பாங்க, ஒரு அயனி ஜோடிக்கு 1.25 நைட்ரஜன் அணு, அதுல 45 சதவீதம் சாதாரண நிலை, 55 சதவீதம் கிளர்ச்சி நிலை, அப்புறம் 70 கிலோமீட்டர் வரைக்கும் ஒரு ஜோடிக்கு கிட்டத்தட்ட 2 ஹைட்ரஜன் ரேடிக்கல், அதுக்கு மேல போகப் போகக் குறைஞ்சு 85 கிட்ட ஒண்ணுமில்லாம போயிடும். 1972 ஆகஸ்ட் புயலை வச்சு 1975ல வளிமண்டல வேதியியலாளர் குரூட்சனும் கூட இருந்தவங்களும் சூரியப் புரோட்டான் ஸ்ட்ராட்டோஸ்பியர்ல நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும்னு கணக்கு காட்டினதும் அயனி ஜோடியில இருந்து தொடங்கற இந்தப் பாதையிலதான். ஹைட்ரஜன் ரேடிக்கல் மணிக்கணக்குலயே மறைஞ்சிடும், நைட்ரிக் ஆக்சைடு துருவ இரவுல மாசக்கணக்கா அழியாம மெல்ல கீழ எறங்கும். அதனால தினசரி சராசரி மட்டும் கொடுத்தா நைட்ரிக் ஆக்சைடுக்காரங்களுக்குப் போதும், மீசோஸ்பியர் ஓசோன் பாக்கறவங்களுக்குப் போதாது, அவங்களுக்கு ஒரு மணி நேர டேட்டா வேணும். ரெண்டையும் போட்டு வச்சுடுங்க, இடம் ஒண்ணும் அதிகம் ஆகாது.

ஃபைல்ல உயரத்தைக் கிலோமீட்டர்ல மட்டும் எழுதாம பக்கத்துலயே அழுத்தத்தையும் எழுதுங்க, வாங்கறவங்க காலநிலை மாடல்ல காத்து உங்க எம்சிஸ் காத்தைவிட வேற உயரத்துல இருக்கும், அவங்க அழுத்தத்தை வச்சுத்தான் பொருத்துவாங்க. ஒரு கன சென்டிமீட்டருக்குக் கொடுக்கறதைவிட ஒரு கிராம் காத்துக்கு இத்தனை ஜோடின்னு கொடுத்தா இன்னும் நல்லது, அடர்த்தி வித்தியாசம் நடுவுல புகுந்து கணக்கைக் கெடுக்காது. தலைப்புல நாலு வரி கண்டிப்பா இருக்கணும்: எந்த எனர்ஜியில இருந்து எந்த எனர்ஜி வரைக்கும், எந்த சாட்டிலைட்டோட எந்தச் சேனல், காந்த வேலியை எந்த டிகிரில போட்டீங்க, மேல இருந்து வந்த எனர்ஜிக்கும் கீழ செலவானதுக்கும் வித்தியாசம் எத்தனை சதவீதம்.